மகள் செல்லோ வாசித்த அன்று

நான், என் மனைவி, ஒரத்தநாட்டிலிருந்து வந்த கொழுந்தியாள், நான் யாரிடம் டிராக்டர் ஓட்டுகிறேனோ அந்த முதலாளி, நான்கு பேர். போன தை மாதம், தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அரங்கில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் என் மகள்.

அவள் செல்லோ வாசிப்பவள். வயலின் மாதிரிதான், ஆனால் பெரியது. முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் இழுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து சர்ச்சில் கற்றாள். பிறகு சென்னையில் ஒரு குழுவில் சேர்ந்தாள். அன்று புது சிம்பொனி. தொடக்கத்தில் செல்லோ மட்டும் தனியாக வரும், அது நான்தான் என்று போனில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்கத்தான் போனோம்.

விளக்கை அணைத்தார்கள். தனியாக வாசித்தது வேறொரு பையன்.

"என்னங்க, நம்ம புள்ளதானே மொதல்ல?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. வரும்."

"ஆள மாத்திட்டாங்களா மாமா? நடவுக்குக்கூட சொல்லிட்டுத்தானே மாத்துவாங்க" என்றாள் கொழுந்தியாள்.

பாதியில் மகள் நிமிர்ந்தாள். செல்லோவின் மரத்தை இரண்டு கையாலும் அடித்தாள். பறைச் சத்தம் அப்படியே வந்தது. அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அது ஒன்றுதான். நன்றாகத்தான் அடித்தாள். அரங்கமே கைதட்டியது.

முதலாளி என் தொடையில் தட்டினார். "ரத்தத்துலயே இருக்குய்யா!" பாராட்டாகத்தான் சொன்னார்.

எங்கள் வீட்டில் யாரும் பறை தொட்டதில்லை. அப்பா ஏர் ஓட்டினார். நான் டிராக்டர். பறை மட்டம் என்று சொல்லவில்லை. அவள் கற்றது அது இல்லை.

வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன்.

"அடிச்சா மரம் கீறிப்போயிடும்னு யாரும் முன்வரலப்பா. குழுவ நடத்துற மாஸ்டர் என்னைப் பாத்து, ஊர்ல எந்தத் தெருன்னாரு. சொன்னேன். அப்ப உனக்குச் சொல்லித்தரவே வேணாம்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. தனியா வாசிக்கிறது அந்தப் பையனுக்குப் போயிடுச்சு."

"உனக்குத் தெரியுமா அது?"

"எங்க தெரியும்ப்பா? விரல் வீங்குனப்புறம்தான் வந்துச்சு."

"அடுத்த தடவை தனியா வாசிக்க விடுவாங்களா?"

"அடுத்த தடவையும் இதேதானாம். எனக்கு நல்லா வருதாம்."

குழு வந்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன்.

கைதட்டினால் மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். கைதட்டியே ஒருத்தரைப் பழைய இடத்தில் உட்காரவைக்க முடியும் என்று அன்று தெரிந்தது. மேடையில் செல்லோ ஆறு. வில் ஐந்து.