ஐஸைத் தொட முடியாத மீன்காரன்

ஸ்ஃபாக்ஸ் நகரச் சந்தையில் இருபத்திரண்டு வருடமாக மீன் விற்கும் நேஜியிடம் வாங்கிய மீனை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. விரலால் அழுத்தியே நல்ல மீனைக் கண்டுபிடித்துவிடுவான். அதில் அவன் அக்கா மோன்ஜியாவுக்குக் கொள்ளைப் பெருமை. இப்போதோ, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் ஒரு வாரத்துக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அவன் விரல்களில் ஊசி குத்துகிறது. ஆனாலும் மூன்றாம் நாளே கடைக்கு வந்துவிட்டான். மோன்ஜியா கம்பளிக் கையுறையோடு பின்னாலேயே ஓடிவந்து மாட்டிவிட்டாள்.

“என்னப்பா, ஜூலை மாசத்துல பனியா கொட்டுது?” என்றான் பக்கத்துக் கடைக்காரன்.

“நீ உன் வேலையப் பாரு!” என்று அவனிடம் எரிந்து விழுந்தாள்.

அதற்குள் நேஜி கையுறையைக் கழற்றி, ஐஸில் கிடந்த மடவை மீனை அழுத்தி, “ஆ!” என்று கையை உதறினான்.

“டாக்டர் சொன்னது காதுல ஏறவே ஏறாதாடா?”

“அழுத்திப் பாக்காம எப்படிக்கா விக்கிறது?”

மீன் வாடையே ஆகாத மோன்ஜியா, பல்லைக் கடித்துக்கொண்டு தானே அழுத்தினாள்.

“அழுத்தின பள்ளம் மேல எழும்பி வருதா?”

“வரல.”

“அப்ப பழைய மீனு. விக்காத. தள்ளி வை.”

“பாத்தா நல்லாத்தானே இருக்கு?”

“வைக்கா!”

தள்ளி வைத்தாள். “உன்னோட பெரிய ரோதனைடா” என்றபடி அடுத்த மீனை அழுத்தினாள்.