பம்பாயில் அடித்த பென்னி

என் வீட்டுக்காரர் வரதராஜனுக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. ஹைதராபாத்தில் மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் வீடு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் பீரோவில் இருந்தது. அதில் என் பட்டுப்புடவைகளுக்கு ஒரு தட்டு, அவருடைய நாணயங்களுக்கு மூன்று தட்டு.

எல்லா நாணயமும் சேர்த்தாலாவது ஊரோடு ஒத்துப்போகும். இவருக்கு, உலகப் போர் நடந்தபோது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்காக அடித்துக்கொடுத்த காசு மட்டும்தான் வேண்டும். அமெரிக்கா ஆஸ்திரேலியாவுக்கு அடித்த வெள்ளி ஷில்லிங் வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்காக நம் பம்பாயில் அடித்த பென்னிதான் கிடைக்கவில்லை. அதில் ராஜாவின் கழுத்துக்குக் கீழே சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்குமாம். அடித்ததையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்.

"இன்டர்நெட்ல விக்கிறாங்களாமே, வாங்கித் தொலைங்களேன்" என்றால் கோபம் வந்துவிடும். "கடையில வாங்குறதுக்குப் பேர் சேகரிப்பா? அது கத்தரிக்காய் வாங்குற மாதிரி."

இந்த லட்சணத்தில் 2005-இல் எங்கள் ஒரே பெண் ஹர்ஷிதாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். அவளுக்குக் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "ஃபாரின் மாப்பிள்ளை நக்கோ அம்மா. எனக்கு இந்த ஊர்தான்" என்று ஹைதராபாத் பாஷையிலேயே சொல்லிவிட்டாள். எனக்கும் அதே நினைப்புதான். பெற்ற பெண்ணைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிவிட்டுப் போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

நியூஜெர்சி வரன் வந்தபோது இவர், "ரொம்ப தூரம், வேண்டாம்" என்றார். அடடா, பெற்ற மனசு என்று நான் உருகிப்போனேன். அடுத்த வாரமே மெல்பர்னிலிருந்து உமேஷ் என்கிற பையனின் ஜாதகம் வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் "நல்ல குடும்பம்" என்றார். அன்றைக்கே மெல்பர்னுக்குப் போன் போட்டு, ராஜாவின் கழுத்தைப் பற்றி அந்தப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு மாப்பிள்ளை வேணாம், கூரியர்காரன் வேணும்" என்று ஹர்ஷிதா கதவை அறைந்து சாத்தினாள்.

லீவில் வந்த உமேஷ், குஷாய்குடாவில் இருக்கும் தன் அம்மாவுடன் பெண் பார்க்க வந்தான். வந்ததும் ஒரு சின்னக் கவரை நீட்டினான். இவர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். "இருக்கு! ஐ இருக்கு!" கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"பாவம், பொண்ணைப் பிரியணுமேன்னு அழறார்" என்று உமேஷின் அம்மா என் காதில் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க கிடைச்சது தம்பி?"

"பழைய சாமான் கடையில அங்கிள். டப்பா நிறைய கிடந்துச்சு. ஒரு டேபிள் லேம்ப் வாங்கினேன், கடைக்காரர் இதைச் சும்மாவே கொடுத்துட்டார்."

பிறகு அவன் ஹர்ஷிதாவைப் பார்த்துச் சொன்னான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க கம்பெனி ஹைதராபாத்ல ஆபீஸ் திறக்குது. நானே கேட்டு மாத்தல் வாங்கிட்டேன். இனிமே இங்கதான்."

அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்தே பார்த்தாள். இரண்டு பேரும் பால்கனியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "ஹவ்" என்று தலையாட்டினாள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது.

இவர் முகம்தான் தொங்கிப்போயிருந்தது. "அப்போ திரும்பிப் போற ஐடியாவே இல்லையா தம்பி? அரைப் பென்னியும் பம்பாய்லதான் அடிச்சாங்க..."

"இல்லை அங்கிள்."

"அப்படின்னா... நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

உமேஷின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு மானமே போய்விட்டது. ஹர்ஷிதா நேராக வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"தாராளமா யோசிங்கப்பா. ஆனா அந்தக் காசை இப்பவே அவர்கிட்ட கொடுத்துடுங்க. முடிவு சொல்லாம அவங்க பொருளை நாம வச்சுக்கக் கூடாது."

இவர் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்ல விரல்களை மூடிக்கொண்டார்.

"தை மாசம் முகூர்த்தம் வச்சுக்கலாமா, சம்பந்தியம்மா?" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேசரிச் சட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கவும் கை துறுதுறுத்தது. பெற்ற பெண்ணை மெல்பர்னுக்குக் கொடுக்கத் துளிக்கூட யோசிக்காத மனுஷன், ஒரு பென்னியைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் அவளை எனக்கு விட்டுவைத்தார்.