ஆபீசரைக் கீழே இறக்கிய சண்டை

வசந்தகுமாரி ஆன்ட்டி சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருள்களைத் தேடித் தரும் முகப்பில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பல்செட், தாலிக்கொடி, ஒருமுறை ஆளுயரக் கரடி பொம்மை என்று எதையெதையோ உரியவர் கையில் சேர்த்திருக்கிறார். புக்கிட் பாஞ்சாங்கில் எங்களுக்கு எதிர்வீடு. ஓய்வு பெற்ற பின்னும் அந்த வேலை அவர் வாயை விட்டுப் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றால், "கலர் என்ன? கடைசியா எங்க பார்த்தீங்க?" என்று தன்னைத்தானே விசாரித்துக்கொள்வார்.

அதை ஆபீசரும் கற்றுக்கொண்டுவிட்டது. ஆபீசர் அவர் வளர்க்கும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. சாம்பல் நிறக் கோட்டு, சிவப்பு வால், எல்லாவற்றிலும் குற்றம் தேடும் பார்வை. அதனால் அந்தப் பெயர். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றபோது, "வந்துட்டியா? எப்பப் போறே?" என்று முதலில் கேட்டது அதுதான். ஆன்ட்டியின் குரல் அச்சு அசலாக.

ஆன்ட்டியின் நாளில் அசைக்க முடியாத நேரம் மாலை ஐந்து மணி. கிளமெண்டியில் இருக்கும் தங்கை கமலாவோடு தொலைபேசிச் சண்டை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே போடும் சண்டை. மீன் குழம்புக்கு எவ்வளவு புளி, முப்பது வருடத்துக்கு முன் யார் புடவையை யார் கட்டிக் கிழித்தது என்று விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. சண்டை சூடு பிடித்ததும் ஆபீசர் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் பறந்து வந்து ஆன்ட்டியின் இடது தோளில் உட்காரும். "நீதான் சொன்னே!" என்று அக்கா குரலில் கத்தி, "நானா?" என்று தங்கை குரலில் கேட்கும். கமலா கோபத்தில் போனை வைத்தால் வரும் 'டூட் டூட் டூட்' கூட அதற்கு அத்துபடி. மறுநாள் ஐந்து மணிக்கு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

போன மாதம் அது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் தேக்கா மார்க்கெட்டில் நின்றிருக்கிறார்கள். ஆன்ட்டி ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனி ஒடித்துப் பார்த்து, பிஞ்சையெல்லாம் ஆபீசருக்கு என்று தனியே எடுத்து வைத்தார். கமலா கடைக்காரரிடம், "கிளிக்குப் பிஞ்சு, கூடப் பொறந்தவளுக்கு முத்தல். அந்தக் கிளிக்கு ஒரு மண்ணும் தெரியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான்" என்றார். ஆன்ட்டி பைகளைத் தரையில் வைத்துவிட்டு, தனியாக ரயிலேறி வந்துவிட்டார்.

"அவதான் மொதல்ல பேசணும்" என்று என்னிடம் சொன்னார். மூன்று வாரம் ஓடிவிட்டது. தினமும் ஐந்து மணிக்கு ஆபீசர் தோளில் ஏறும்; போனைப் பார்க்கும்; இறங்கிவிடும்.

புதன்கிழமை மதியம் ஆன்ட்டி ஈரத்துணி மாட்டிய மூங்கில் கழியைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வழக்கமாக ஆபீசரைக் கூண்டில் அடைத்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார். அன்று மறந்துவிட்டார். ஆபீசர் கழியின் மேல் நிதானமாக நடந்து, ஈரத் துண்டையெல்லாம் மேற்பார்வை பார்த்து, நுனிக்குப் போய்ப் பறந்தே விட்டது.

நாங்கள் கீழே ஓடினோம். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு காகங்கள் வேறு சுற்றிச் சுற்றி வந்தன.

"மழையில பயந்து வேற எங்கயாவது பறந்துட்டா அவ்வளவுதான்" என்றார் ஆன்ட்டி. என் பக்கம் திரும்பினார். "உலகம் சுத்துன பொண்ணுதானே, ஏறு லா!"

"உலகத்தை பஸ்ஸிலதான் சுத்தினேன் ஆன்ட்டி."

பாதாம் காட்டினோம். விசில் அடித்தோம். லிப்ட் பழுதுபார்க்க வந்திருந்த கதிரேசன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கலர் என்ன?" என்றது மரம்.

கதிரேசன் திடுக்கிட்டு, "கறுப்புங்க" என்றார். "நேத்து தொலைஞ்ச கறுப்புக் குடை."

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"பஸ்ஸுலக்கா…" என்று தொடங்கியவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் கமலா குரலில் "நானா?" என்று கத்திப் பார்த்தேன். ஆபீசர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது.

"கமலா ஆன்ட்டிக்கு போன் போடுங்க" என்றேன். "சண்டை கேட்டா வரும்."

"மாட்டேன். அவதான் மொதல்ல."

இடி இடித்தது. ஒரு காகம் தாழப் பறந்து ஆபீசரின் சிவப்பு வாலைக் கொத்தியது. ஆன்ட்டி மரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அழுத்தினார்.

முதல் மணியிலேயே கமலா எடுத்துவிட்டார். "யாரு?"

"பேரு வருதுல்ல?"

"கண்ணாடி போடல. என்ன விஷயம்?"

"ஆபீசர் பறந்துடுச்சுடி. மரத்துல உக்காந்திருக்கு."

"ஐயோ, அக்கா!" கமலாவின் குரல் கரைந்தது. "அழாதக்கா. இப்பவே டாக்சி எடுத்து வர்றேன்."

மேலே ஓர் அசைவும் இல்லை.

"அன்பா பேசாதடி! சண்டை போடு!"

"என்னது?"

"சண்டை போட்டாத்தான் இறங்கும். போடு!"

"திடீர்னு எப்படிக்கா?"

"மூணு வாரமா சேர்த்து வச்சிருப்பேல்ல, எடுத்து விடு!"

கமலா ஒரு மூச்சு இழுத்தது ஸ்பீக்கரில் கேட்டது. "நடு மார்க்கெட்ல என்னை விட்டுட்டுப் போனியே, வெட்கமா இல்ல உனக்கு? நாலு பையையும் தூக்கிட்டு, கிளமெண்டி வரைக்கும் நின்னுட்டே வந்தேன்!"

"ஒரு மண்ணும் தெரியாதுன்னு சொன்னது யாரு?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"நீதான் சொன்னே!"

இதைச் சொன்னது ஆன்ட்டி இல்லை. குரல் மேலிருந்து வந்தது. கிளைகள் சலசலத்தன. ஆபீசர் ஒரு கிளை இறங்கி, தலையைச் சாய்த்துக் கேட்டு, இன்னும் இரண்டு கிளை இறங்கி, நேராகப் பறந்து வந்து ஆன்ட்டியின் இடது தோளில் உட்கார்ந்தது. ஆன்ட்டி அதன் இரு கால்களையும் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் மழைத்துளி விழுந்தது. கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு ஓடினோம்.

ஆபீசர் போனுக்கு அருகே அலகை நீட்டியது. "டூட் டூட் டூட்."

"ஏன்க்கா கட் பண்றே?" கமலா கத்தினார். "நான் இன்னும் முடிக்கவே இல்ல!"

"நான் எங்கடி கட் பண்ணேன்? அது ஆபீசர்!"

கமலா, "நனையலையே அது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீ ஒண்ணும் விசாரிக்க வேணாம்" என்றார் ஆன்ட்டி, கிளியின் தலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே. "நாளைக்கு அஞ்சு மணிக்கு லேட்டாக்காதே."