சாயங்காலம் வரும் என்று நம்பிய விமானம்

சபையில் நீங்களெல்லாம் சாந்தமாகச் சாட்சி சொல்கிறீர்கள். எனக்கு அது வராது. நடந்த காரியமும் சாந்தமானதல்ல.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கிய வாரம், கிள்ளானில் கள்ளுக்கடைச் சண்டையை விலக்கப் போன என் கணவரின் காலில் ஒரு குடிகாரன் பாராங் கத்தியால் வெட்டினான். அவர் ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர். துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சொன்னால் கேட்கிற மனுஷனா? புண்ணில் அழுக்கேறி, சில நாளில் தாடை பூட்டிக்கொண்டது. தனுர்வாதம். உடம்பு வில்லாக வளைந்து கட்டிலை உதைத்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கதவுச் சத்தத்துக்கே அடுத்த இழுப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த ஊசிமருந்து தீர்ந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து மறுநாள் விமானத்தில் வரும், அதுவரை உயிர் தாங்கினால் சரி என்றார் டாக்டர். நான் தரையில் விழுந்து, "ஆண்டவரே, சீக்கிரம் கொண்டு வாரும்!" என்று கதறினேன்.

மருந்தை எடுக்க ஆஸ்பத்திரிக் கார் போகும் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் கார்டாக இருந்த கொழுந்தன் ஞானமுத்துவை இழுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே சுங்கை பீசி விமானத் திடலுக்குப் போனேன். அங்கே பால்கார வேலுவின் மாடுகள் மேய்ந்தன. விமானம் வராத நேரத்தில் அவன் அப்படித்தான் விடுவான்.

"பிளேன் எப்பண்ணே வரும்?" என்று வேலு கேட்டான்.

"சிங்கப்பூர் மெயில் வண்டிக்கே ராத்திரி முழுக்க ஆவுது. இது பாதி நேரம்னாலும் சாயங்காலந்தான்லா. மேயட்டும் விடு," என்றான் ஞானமுத்து.

ரயில்காரன் கணக்கு. நானும் ரயில்காரன் பெண்டாட்டிதானே, நம்பி உட்கார்ந்தேன்.

வெயில் ஏறுமுன்னே வானத்தில் இரைச்சல் கேட்டது. விமானம் தாழ இறங்கி, மாடுகளைக் கண்டு உறுமிக்கொண்டு மேலே ஏறியது. மருந்து என் தலைக்கு மேலே போகிறது! வேலுவின் கம்பைப் பிடுங்கி வெறிகொண்டு அடித்தேன். மிரண்ட காளை என் தொடையைக் கிழித்தது. ரத்தம் வழிய வழிய அடித்தேன்.

"அடிக்காதீங்கக்கா, சினை மாடு!"

"ஒம் மாடு பெருசா, எம் புருஷன் உசுரு பெருசா?"

அவன் முதுகிலும் இரண்டு விழுந்தது. ஞானமுத்து வாலை முறுக்கி முறுக்கி ஓட்டினான். வட்டமடித்து வந்த விமானம் இறங்கியது. இருநூறு மைலுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

ஊசி போட்ட பிறகும் இழுப்பு உடனே விடவில்லை. ஒருநாள் தாடை திறந்தது. "ஒங் கால்ல என்னாடி கட்டு?" என்றார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அழுதேன்.

அவர் இப்போது கள்ளுக்கடைப் பக்கமே போவதில்லை. வேலு எங்கள் வீட்டுக்குத்தான் பால் ஊற்றுகிறான்; என் கையில் துடைப்பத்தைக் கண்டாலும் தள்ளி நிற்பான்.

சீக்கிரம் வேண்டும் என்று கேட்டது என் வாய். சாயங்காலம்தான் என்று நம்பியது என் மனசு. ஆண்டவரோ நான் கேட்டபடியே அனுப்பினார். நீங்களும் அவரைக் கேளுங்கள், பிள்ளைகளே. கேட்ட கையோடு எழுந்துபோய் மாட்டை ஓட்டிவிடுங்கள்.