பாட்டு முன்னே, நாடகம் பின்னே

நாடகத்தில் நடிப்பவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும், நாடகத்துக்கு ஃபோன் எடுப்பவர்களுக்கு மறுநாள் காலையில் புகார் கிடைக்கும். ஆரணியில் எங்கள் வீட்டுக்காரர் மாணிக்கம் ஒரு நாடக மன்றம் நடத்துகிறார். பகலில் விசைத்தறி, திருவிழாக் காலத்தில் மேடை. பாடுவதும் நடிப்பதும் அவர். தேதி பேசுவது, வேன் பேசுவது, வராத நடிகருக்கு வயிற்று வலி என்று சொல்லிச் சமாளிப்பது எல்லாம் நான். வீட்டுக்காரர் மேடையிலும் தான் ஃபோனிலுமாகக் குடித்தனம் நடத்தும் சகோதரி யாராவது இதைப் படித்தால், என் பாடு அவருக்குச் சொல்லாமலே புரியும்.

போன வருஷம் புதிதாக ஒரு பாட்டு நாடகம் போட்டோம். அண்ணன் தங்கை கதை. தங்கையைக் கட்டிக் கொடுத்து அண்ணன் வழியனுப்பும் பாட்டுதான் அதற்கு உயிர். வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் பாட்டுகளைப் பதிவு செய்தோம். அங்கே இருந்தவர் எங்கள் வீட்டுக்காரர் குரலைக் கம்ப்யூட்டரில் போட்டுத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். மூச்சு வாங்குகிற சத்தம்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டைக் கேட்டால்தானே நாடகம் பார்க்க ஆசை வரும் என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாடகத்துப் பாட்ட நாடகத்துலதான்டி கேக்கணும். முன்னாடியே கேட்டுட்டா அங்க வந்து இன்னாத்த கேப்பாங்க?" என்றார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டாச்சு, போதும்

முதலில் மாட்டியவர் கண்ணமங்கலம் பக்கத்துத் திருவிழாக் கமிட்டித் தலைவர். தேதி பேச நேரில் வந்தார். பாட்டு எல்லாம் வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டதாகச் சொன்னார். எப்படி முடிந்தது என்று எனக்கு ஆச்சரியம். வேகத்தைக் கூட்டி வைத்து ஓட விட்டாராம்.

"எப்படிங்க இருந்திச்சி?" என்று ஆசையாகக் கேட்டேன். நல்லா இருந்தது என்றார். அப்புறம், பத்து மணிக்கு மேல் மைக் போடக் கூடாதென்று போலீஸ் கெடுபிடி இருப்பதாகவும், நாடகத்தைக் கொஞ்சம் சுருக்க வேண்டும் என்றும் ஆரம்பித்தார். எதைச் சுருக்குவது என்று கேட்டதற்கு, அவர் எனக்கு உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார்: "பாட்டுதான் எல்லாரும் கேட்டாச்சேம்மா. நடுவுல பேசறத மட்டும் வந்து நடிச்சிட்டுப் போங்க, ஜல்தியா முடிஞ்சிடும்."

தறிச் சத்தம்

எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்திலேயே பாட்டு பரவிவிட்டது. அங்கே தறிகள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அந்தச் சத்தத்தின் நடுவில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம் வரைக்கும் இதே பாட்டு. பாடியவரே அங்கே நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டிருப்பார். பாட்டும் ஓடும். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஊரில் நாடகம் போட்டபோது கூடத்தில் இருந்து எல்லோரும் வந்தார்கள். முன்வரிசையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து உபசரித்தேன். முடிந்ததும் அவர்களில் பெரியவர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். சொல்லுங்கண்ணா என்றேன். "தப்பா நெனைக்காத. தறி ஓடிகினு இருந்தாத்தாம்மா இந்தப் பாட்டு நல்லா இருக்குது. வெறும் பாட்டா கேட்டா எதுவோ கொறையுது," என்றார்.

கம்பெனி பஸ்

வழியனுப்பும் பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். அண்ணன் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். மேடையில் அந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரர், வெளியூரில் கட்டிக் கொடுத்துத் திருவிழாவுக்காகத் தாய் வீடு வந்திருக்கும் அந்த ஊர்ப் பெண்களின் பேர்களைப் போட்டுப் பாடுவார். கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே அவர் காதில் சொல்லி வைப்பார்கள். பேர் வந்த பெண் கூட்டத்தில் எந்த மூலையில் இருந்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்டூடியோவில் யார் பேரைப் போடுவது? அங்கே "தங்கமே" என்று பாடி முடித்துவிட்டார்.

செய்யார் பக்கம் ஓர் ஊரில் நாடகம். அந்த ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் நான் அனுப்பிய பாட்டுதானாம். ஒரு வரி விடாமல் மனப்பாடம். அவர் மேடையில் வாயைத் திறப்பதற்குள் இவர்கள் கீழே இருந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடம் வந்தது. அவர் "சரசு, மேகலா" என்று கூப்பிட, கூட்டம் மொத்தமும் "தங்கமே" என்று பாடியது. சரசுவும் மேகலாவும் தங்கள் பேர் வந்ததைக் கேட்டிருக்கவே முடியாது. அவர் ஒரு நொடி நின்று, சிரித்து, மேலே பாடினார். அந்தச் சிரிப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்த எனக்கு உடம்பு கூசியது.

கூசி என்ன பிரயோஜனம். முடிந்ததும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நல்ல பெண், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவள் சொன்னதற்கு நானும் மண்டையை ஆட்டினேன், அதுதான் கேவலம். "அண்ணன் நல்லாத்தாங்க்கா பாடறாரு. அந்த ஒரு எடத்துலதான் பாட்ட மறந்துட்டு வாய்க்கு வந்த பேரெல்லாம் சொல்லிகினு இருக்காரு. ஆடியோவ ஒரு வாட்டி கேட்டுட்டு வரச் சொல்லுங்க."

அண்ணனும் தங்கையும்

கலசப்பாக்கம் பக்கத்தில் இருந்து தனபால் என்று ஒருவர் திருவிழாவுக்குத் தேதி வாங்கினார். நான்கு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். அந்த வழியனுப்பும் பாட்டை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னார். "சவுண்டு எப்படி இருக்குதுன்னு செக் பண்ணத்தாம்மா," என்றார். அனுப்பினேன்.

அதே வாரம் ஒரு பெண் போளூரில் இருந்து கூப்பிட்டார். பேர் ரேவதி. தனபாலின் தங்கை. பாகப் பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்று போய்விட்டதாம். "எங்கண்ணன் வாயில எம்பேரு வந்தே நாலு வருசம் ஆவுதுக்கா," என்றார். திருவிழாவுக்கு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறாராம். போனால் நாடகத்துக்கும் போக வேண்டும், போகவில்லை என்றால் அதற்கும் ஒரு பேச்சு வரும். எதிரில் அண்ணன் நிற்கும்போது அப்படிப்பட்ட பாட்டைக் கேட்டு, ஊர் பார்க்க அழுதுவிட்டால் என்ன செய்வது என்று பயம். நானும் ஒரு தங்கைதான். நம் நாடகம் இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தாலும் வைக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு. பாட்டு எதற்கு வேண்டும் என்று கேட்டேன். "வூட்லயே ரெண்டு மூணு வாட்டி அழுது தீத்துட்டு வந்தா, அங்க மானம் போவாம உக்காந்து இருப்பன்லக்கா," என்றார் ரேவதி. அனுப்பினேன்.

பென் டிரைவ்

இனி சொல்லப் போவதை எங்கள் மன்றத்து ஆட்கள் யாரும் வெளியில் சொல்வதில்லை. எனக்காகத்தான்.

கலசப்பாக்கத்துக்கு வேனில் போகும்போது அவரிடம் சொன்னேன். ஜனங்கள் ஆடியோவில் இருப்பது போலவே கேட்கிறார்கள், தினமும் புகார் வாங்கி என்னால் முடியவில்லை, இன்றைக்கு ஒரு நாள் பென் டிரைவைப் போட்டுவிடலாம், நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள். அவர் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் "நீ சொன்னா சரி," என்றார்.

பாட்டு வரும்போதெல்லாம் மேடை மைக்கை அணைத்துவிட்டு பென் டிரைவை ஓட விட்டோம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஜனங்களுக்குச் சந்தோஷம். வழியனுப்பும் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் மைக்செட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது தனபால் வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து, "ஊர்ப் பொண்ணுங்க பேரு போடுவாருன்னாங்களே. ரேவதின்னு ஒரு பேரச் சேத்துக்கச் சொல்லும்மா. எந்தங்கச்சி," என்றார்.

"சரிங்கண்ணா," என்றேன்.

பென் டிரைவைப் பிடுங்கி இருக்கலாம். மைக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு மேடைக்கு ஓடி இருக்கலாம். ஓடினால் இத்தனை நேரம் பாடியது மெஷின் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த அவமானத்துக்குப் பயந்துகொண்டு நின்றேன். அந்த இடம் வந்தது. "தங்கமே" என்று பிசிறில்லாமல் வந்து போனது. பெண்கள் பக்கத்தில் ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார், ரேவதியாகத்தான் இருக்க வேண்டும், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தின் பக்கத்தில் தனபால் நின்றார். அவர் உதடுகள் பாட்டோடு கூடவே அசைந்தன. செக் பண்ணியவருக்குப் பாட்டு முழுக்கப் பாடம். இரண்டு பேர் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. சாமான்களை வேனில் ஏற்றும்போது தனபால் என்னிடம் வந்து, எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்: "பேரு சொன்னனேம்மா. பரவால்ல, மேடையில நின்னுகினு இருக்கறவருக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்."

வேனில்

திரும்பி வரும்போது ஆர்மோனியம் வாசிக்கும் கோபால்தான் முதலில் பேசினார். பாட்டு முழுக்கக் கட்டையின் மேல் விரலை வைத்து வாசிப்பது போல் பாவனை பண்ணியவர். "அண்ணி, அடுத்த ஊருக்கு ஆர்மோனியப் பொட்டிய மட்டும் அனுப்பி வைக்கிறேன், அதுபாட்டுக்கு உக்காந்துட்டு வரட்டும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

தனபால் வந்து பேர் சொன்னதை அவரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சொன்னேன். தங்கை கூப்பிட்டதையும் அண்ணன் பாட்டு வாங்கியதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டி இருந்தால் தேவலை. "அந்த எடத்துல வாயத் தொறந்துகினு சும்மாதான்டி நின்னேன். சொல்லி இருந்தீனா மைக்கு இல்லாட்டியும் கத்தி இருப்பேன்," என்றார்.

மறுநாள் காலை

ஃபோன் அடித்தது. ரேவதி. வழக்கம்போலப் புகார் என்றுதான் எடுத்தேன். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். ஃபோனில் கேட்டது அப்படியே இருந்ததாம். அழுகையே வரவில்லையாம். அண்ணன் கம்பத்துக்கிட்ட நின்றாராம், அவரும் கல்லு மாதிரிதான் இருந்தாராம். "அவருக்கு என்னப் பாத்தா ஒண்ணும் தோணல போலக்கா. நல்லதாப் போச்சி, இனிமே நானும் ஏங்க வேணாம்," என்றார். காலை பஸ்ஸிலேயே திரும்பி, போளூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பேசுகிறாராம்.

"சந்தோஷம்மா" என்று சொல்லி ஃபோனை வைத்திருக்கலாம். இந்தத் தொழிலில் எத்தனையோ பொய் சொல்லி இருக்கிறேன். ஆனால் அந்த "ஏங்க வேணாம்" என்னை வைக்க விடவில்லை. சொல்லிவிட்டேன். பென் டிரைவ் ஓடியதை, அவர் அண்ணன் மைக்செட் பக்கம் வந்ததை, சுற்றிலும் பார்த்ததை, ரேவதி என்ற பேரைச் சேர்க்கச் சொன்னதை, நான் நின்ற இடத்தை விட்டு நகராததை. இதே பாட்டை அவரும் தனியாகக் கேட்டு வாங்கியதையும் சொன்னேன்.

"எம்பேர வாயால சொன்னாராக்கா?" என்றார்.

"சொன்னாரும்மா. எந்தங்கச்சின்னும் சொன்னாரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வீட்டிலேயே அழுது தீர்த்துவிட்டு வந்த பெண். எங்கள் நாடகத்தில் வராத அழுகையைப் பஸ் ஸ்டாண்டில் நின்று என்னிடம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. வெட்கம் தாங்காமல், அண்ணனுக்கு ஃபோன் பண்ணுங்கம்மா, நம்பர் வேண்டுமானால் தருகிறேன் என்று உளறினேன். கூடப் பிறந்தவர் நம்பர் அவருக்குத் தெரியாதா? அவர் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. கடைசியில் கோபம் கொஞ்சமும் இல்லாமல் ஒன்றுதான் கேட்டார்: "அவரு சொன்னத ஃபோன்ல புடிச்சி எனக்கு அனுப்பி இருக்கலாமேக்கா?"

இந்தத் தொழிலில் என் மொத்தச் சாமர்த்தியமும் இவ்வளவுதான்: அனுப்பக் கூடாததை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, ஒருத்திக்கு அனுப்ப வேண்டியதைக் கோட்டை விட்டேன்.