மாதுளம் முத்தும் ஒரு பிடிச் சோறும்

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. மகளைப் பெண் பார்க்க எஹலியகொடப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், எங்கள் லயத்து வீட்டில் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாமல்தான் போனார்கள். நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பையன் மேல் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்குள், அந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கூட்டாளிகளோடு போன மகள், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சோறே சாப்பிட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஏண்டி சாப்பிட்ட?" என்று கத்தினேன்.

"அவுங்கம்மா கையப் புடிச்சு உக்கார வச்சிட்டாங்கம்மா. நான் என்னா செய்யிறது?"

பாவம், பிள்ளை என்ன செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். லயத்துச் சனம் சும்மா இருக்குமா? "கை நனைச்சாச்சு, இனி என்னா பேச்சு?" என்று ரப்பர் பால் நிறுக்கிற இடத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அவிசாவளையில் வகுப்பு. தோட்டத்துப் பாலர் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கு, மனக்கஷ்டத்தில் இருப்பவர்களோடு பேசி ஆற்றும் உளவளத்துணைப் பயிற்சி. சிங்கள மேடம் அன்று பழைய கிரேக்கக் கதை ஒன்றைச் சொன்னார். பாதாளத்து ராஜா ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். தாய் துக்கத்தில் பூமியையே காய விடுகிறாள். கடைசியில் மகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் அவள் அங்கே மாதுளம் முத்தைத் தின்றுவிட்டாள். பாதாளத்துச் சாப்பாடு வாயில் பட்டால் மறுபடி அங்கே போகத்தான் வேண்டும். வலுக்கட்டாயமாகத் தின்ன வைத்தான் என்று தாயிடம் சொல்கிறாள் மகள்.

 இது எங்கள் வீட்டுக் கதை அல்லவா!

மேடம் அதோடு விடவில்லை. தாயை விட்டு விலகி வளரும் மனதைத்தான் கதை காட்டுகிறதாம். முத்தை அவள் விரும்பியே தின்றிருக்கலாம், தாய்க்கு நோகுமே என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்றார். அப்படியானால் தூக்கிக்கொண்டு போனது அநியாயம் இல்லையா என்று கேட்டேன். "தெகம ஹரி" என்றார். இரண்டும் சரியாம். இரண்டும் எப்படிச் சரியாகும்? தாய்க்காக இரக்கப்படுவதா, மகளுக்காகவா? பஸ் எங்கள் ஊர்ப் பக்கம் தெஹியோவிட்ட வந்து சேரும்வரை யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

வீட்டில் மகள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கத்தாமல் கேட்டேன்.

"மெய்யாவே அவுங்க கட்டாயப்படுத்துனாங்களா?"

அவள் நிமிரவில்லை. "இல்லம்மா. நானாத்தான் உக்காந்தேன். கையப் புடிச்சு உக்கார வச்சாங்கன்னு சொன்னா நீங்க ஏச மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"கை நனைச்சா என்னா அர்த்தம்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதாம்மா."

கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது ஏமாற்றம். யாராவது அவள் கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! பெற்ற பிள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டு, அவள் முன்னால் நின்றேன்.