பழகின குரலுக்கு ஒரு பெட்டி

உமையாள் ஆச்சியின் மகள் போனில் அழைத்தபோது நான் வாசலில் வெங்காயக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அழுகலை அடியில் வைத்து நல்லதை மேலே பரப்பியிருந்தார், விடுவேனா? "டீச்சர், ஆத்தா போயிட்டாக" என்றாள். வெங்காயக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே நல்லதாகப் பொறுக்கிப் பையில் போட்டார். அந்தப் பையை வீட்டுக்குள் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று மறுநாள் வரை எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் கணக்கு டீச்சர். சத்தமே போடாமல் வகுப்பை அடக்குவார். நான் பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தியவள், தொண்டை வற்றக் கத்துவேன். "பாக்கியம், நீ பாடம் நடத்துனா கோட்டையூர்ல என் மாமியாருக்கும் இலக்கணம் வந்துரும்போல" என்பார். இந்தக் கிண்டலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அவர் ஸ்பீக்கர் பெட்டி வாங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அவர் கணவர் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையை ஒப்படைக்கத் தோதான ஆள் கிடைக்காமல் ஊருக்கு வருவது தள்ளிக்கொண்டே போயிற்று. கடிதம் எழுதச் சோம்பல்படுகிற மனிதர். அதனால் யாரோ ஊருக்கு வந்தவரிடம் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொடுத்தனுப்பினார். பிறகு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் பேசிய கேசட்டுகள் வந்தன. தெருவே ஆச்சியைப் பொறாமையோடு பார்த்தது. ஆச்சியோ ஒருநாள் ஆசிரியர் அறையில் மெதுவாகச் சொன்னார்: "பேசுறது அவுக மாதிரியே இல்ல பாக்கியம். யாரோ கணக்கப்பிள்ளை கடுதாசி வாசிக்கிற மாதிரி இருக்கு. முகத்தக் கொண்டாந்து நினைப்புல வச்சாலும் குரல் அதுல ஒட்ட மாட்டேங்குது."

அந்த டேப் ரெக்கார்டரில் இருந்தது உள்ளங்கை அகல ஸ்பீக்கர். அதில் வேறெப்படிக் கேட்கும்? வெளியே தனிப் பெட்டி ஒன்று சொருகிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு, அலமாரித் தட்டில் அடங்குகிற மாதிரி, கைக்கு எட்டுகிற விலையில் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார்.

கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, பளபளவென்று இருந்த பெரிய பெட்டி ஒன்றில் சினிமாப் பாட்டுப் போட்டார். மேளம் விழுந்தபோது கண்ணாடி அலமாரி நடுங்கியது. "டீச்சர், கேட்டீகளா? நெஞ்சுல வந்து அடிக்கும்" என்றார். ஆச்சி, "நெஞ்சுல அடிக்க எனக்கு எதுக்குங்க பெட்டி? பேசுறது யாருன்னு தெரிஞ்சாப் போதும். பாட்டு எந்தப் பெட்டியிலயும் நல்லாத்தான் இருக்கும். பழகின குரல் ஒண்ணப் போட்டுப் பாத்தாத்தான் பெட்டியோட லட்சணம் தெரியும்" என்றார். கணவர் பேசிய கேசட்டைக் கடையில் போட அவருக்குக் கூச்சம். ஊரார் கேட்கவா அவர் பேசி அனுப்பினார்? அதற்கு ஆச்சி ஒரு வழி வைத்திருந்தார். முந்தின நாளே என்னை வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கவைத்து ஒரு கேசட்டில் பிடித்திருந்தார்.

கடையில் நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அழகம்மை, சிவகாமி, தெய்வானை" என்று நேரில் கூப்பிட வேண்டும். பிறகு அதே பெயர்களைப் பெட்டி கூப்பிடும். ஆச்சி முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, எது நான், எது பெட்டி என்று சொல்லுவார். எனக்கு மானம் போயிற்று. கூட்டம் கூடிவிட்டது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றார். ஆச்சி அவரைப் பார்த்த பார்வையில் சைக்கிள் தானாக நகர்ந்தது.

பெரிய பெட்டியில் நான் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற ஆண்பிள்ளை. விலை மலிந்த பெட்டியில் தகர டப்பாவில் மாட்டிய வண்டு. அடுத்த கடையில், வெளிநாட்டுப் பெட்டி என்று ஒன்றைத் துணி விலக்கிக் காட்டினார்கள். குரல் தெளிவுதான், ஆனால் நானோ மூக்கடைப்புக்காரி. "பேருக்குத்தான் இந்த விலை" என்று ஆச்சி நகர்ந்தார். மூலையில் சாயம்கூடப் பூசாத சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. கானாடுகாத்தானில் பிரித்த ஒரு வீட்டின் பர்மாத் தேக்குக் கதவுப் பலகையில் அந்தக் கடைக்காரரே கோத்தது, நடுத்தர விலை. அதில் கேசட் ஓடியபோது ஆச்சி திரும்பாமலே, "பாக்கியம், போதும், தொண்டையக் கெடுத்துக்காத" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அதையே வாங்கினோம்.

வீட்டில் கொண்டுபோய் வைத்தால் பெட்டி முனகுகிறது. அவர் கணவர் குரல் தாழும் இடத்திலெல்லாம் கூடவே ஊம் என்று ஓர் இழுப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கடைக்காரரை ஒரு பிடி பிடித்தேன். என் கேசட்டைப் போட்டுக் காட்டினார், சுத்தமாகப் பேசியது. "இங்க நல்லாப் பேசிட்டு அங்குட்டு வந்து முனகுனா நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?" என்றார். திரும்பக் கொண்டுவந்தோம், திரும்ப முனகியது. முற்றத்தில் வற்றல் பொறுக்கிக்கொண்டிருந்த ஆச்சியின் மாமியார்தான் நிலைப்படியில் வந்து நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "முனகுறது எம் மகனும் இல்ல, பெட்டியும் இல்ல. ஒங்க ஆத்தா குடுத்த சாமான்."

உண்மைதான். அந்த வீட்டில் மகன்கள் ஒவ்வொருவருக்கும் தனி அறை. ஆச்சியின் அறையில் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, தவலை, குடம் என்று உத்தரம் வரை அடுக்கியிருந்தது. ஒன்றையும் வெளியே எடுக்கும் வழக்கம் கிடையாது. குரல் தாழ்ந்தால் அத்தனையும் சேர்ந்து ரீங்கரிக்கும். நாங்கள் இரண்டு படித்தவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைந்திருக்கிறோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பழைய சேலை, வேட்டி, தலையணை உறை என்று அகப்பட்டதையெல்லாம் பாத்திரங்களுக்குள் திணித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில்தான் கணவர் குரல் கணவர் குரலாக வந்தது. ஆச்சி முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "இதான், இதான் அவுக" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த மலர்ச்சி நின்றுவிட்டது. "இங்கே எல்லாம் சௌகரியம். நல்லா இருக்கேன்" என்று கணவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார்.

"மாடி ஏறி வந்து பேசுறாகளோ?"

"உட்கார்ந்துதானே பேசியிருக்காக ஆச்சி. நாற்காலி கிறீச்சுங்குதே" என்றேன்.

"அப்ப ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

முதலில் வந்த கேசட்டிலிருந்து வரிசையாகப் போட்டுக் கேட்டோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலென்று நினைத்திருந்தது இரைச்சல் இல்லை. கேசட்டுக்குக் கேசட்டு மூச்சிரைப்பு கூடிக்கொண்டே வந்திருந்தது. ஆச்சி அழவில்லை. கடுதாசி எழுதக் காகிதத்தை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டு எழுதினால் இல்லையென்றுதான் பதில் வரும்; அந்த மனிதர் அப்படி. மாமியார் வாசலிலிருந்தே, "எனக்கு முடியலைன்னு தந்தி அடி. வந்து பாத்துட்டு என்னைய வையட்டும்" என்றார். மறுநாள் தந்தி போயிற்று.

மனிதர் பதறியடித்து வந்து சேர்ந்தார். கண்டரமாணிக்கத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த தாயார் திடகாத்திரமாகத் திரும்பிவந்து காரை விட்டு இறங்கியதைப் பார்த்து, வையத்தான் செய்தார். மதுரை ஆஸ்பத்திரியில் இருதயத்தில் கோளாறு என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே வந்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். பினாங்குக் கடையைக் கைமாற்றிவிட்டு இங்கேயே தங்கினார். அதன் பிறகு ஆறேழு வருடம் அந்த அறையில் நேருக்கு நேர் பேசிக்கொண்டு இருந்தார்கள். அந்த வருடங்களில் ஆச்சி பள்ளி விட்டதும் எங்களோடு நின்று ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

கணவர் போன பிறகு, ஆச்சி இனி அந்தக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டே கிடப்பார் என்று நினைத்தேன். போடவே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "அதுல இருக்கிறதெல்லாம் ஊர்ல இல்லாதப்பப் பேசுனது, பாக்கியம். கூட இருந்து பேசுனத யாரு பிடிச்சு வச்சா?" என்றார்.

போன மாதம் ஆச்சியிடமிருந்து போன். வெயில், மழை, முட்டி வலி எல்லாம் பேசினோம். "நான் நல்லா இருக்கேன்" என்றார். நான் உடனே பதில் சொல்லாமல் அந்தப் பக்கத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் அப்படிச் செய்தேன். சற்றுப் பொறுத்து ஆச்சி சிரித்தார். "கேட்டுருச்சா?" என்றார். அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். பேச முடிந்தவரை பேசிக்கொண்டிருந்தோம். மகள் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் திரும்பினேன். சில நாளிலேயே போய்விட்டார்.

யாராவது நல்லா இருக்கேன் என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் கொஞ்சம் நின்று கேட்கிறேன். ஆச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அது போதவில்லை. எனக்கு அவர் பேச வேண்டும், பாக்கியம் என்று கூப்பிட வேண்டும். அன்று கடை கடையாகப் போட்டுக் கேட்டதெல்லாம் என் குரல். அவர் குரலை ஒருநாளும் பிடித்துவைக்கத் தோன்றவில்லை. உங்களில் யாரிடமாவது, ஒரு ஆண்டு விழாவிலோ கல்யாண வீட்டிலோ ஆச்சி இரண்டு வார்த்தை பேசிய பதிவு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தகர டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரிக் கேட்டாலும் சரி, வந்து கேட்கிறேன்.